பின் கண்ணாடியில் நாரை

என் மகள் முதன்முதலாகக் கார் வாங்கினாள். யாரோ ஓட்டிய பழைய கார்தான். ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டு வாசலுக்கு அதைப் பின்பக்கமாகவே ஓட்டி வந்து நிறுத்தினாள். ஆகவே காரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் முதுகைத்தான் பார்த்தேன். பின் கண்ணாடியில் வெள்ளை ஸ்டிக்கரில் ஒரு பிறை. பிறைக்குள் கழுத்தை நீட்டிப் பறக்கும் ஒரு நாரை.

அப்போது நான் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன்.

"என்னங்க, செடி அங்க இருக்கு" என்றாள் மனைவி. குனிந்து பார்த்தேன். குழாய்த் தண்ணீர் என் செருப்பை வளர்த்துக்கொண்டிருந்தது.

அந்த நாரை என் மச்சினனுடையது. அதாவது என் மனைவியின் தம்பியுடையது. இதை விளக்காவிட்டால் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பீர்கள். விளக்கிய பிறகும் நினைக்கலாம்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வீடியோ கேம் உண்டு. சண்டை விளையாட்டு. இரண்டு பேர், ஆளுக்கொரு வீரன், அடித்துக்கொள்ள வேண்டும். கதை என்று ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்கள், எங்களில் யாரும் அதைப் படித்ததில்லை. முதல் பாகம் வந்தபோது எனக்கு மீசை அரும்பவில்லை. இப்போது மீசைக்குச் சாயம் அடிக்கிறேன். இடையில் எத்தனையோ பாகங்கள் வந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் வீரர்களின் உடை மாறும், முகம் மாறும், குரல் மாறும். ஒருவன் செத்துப்போய் அடுத்த பாகத்தில் கொஞ்சமும் வெட்கமில்லாமல் திரும்பி வருவான். மாறாதது சின்னம் மட்டும்தான். ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு தனிச் சின்னம். சண்டைக்கு முன் திரை இருண்டு, முரசு அதிர, இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகச் சின்னங்கள் எழும். மூவேந்தர்களுக்கு வில், புலி, மீன். எங்கள் வீட்டில் மணி, நாரை, கரண்டி.

மணி என்னுடையது. என் வீரன் மலைக்கோயிலில் மணியடிக்கும் ஒரு துறவி. தொந்தி உண்டு. மெதுவாக நடப்பான். அவனிடம் ஒரே ஒரு பெரிய அடிதான் இருக்கிறது. இரண்டு கைகளையும் கோத்து மேலே தூக்கி எதிரியின் தலையில் இறக்குவான். விழுந்தால் எதிரி காலி. ஆனால் விழ நேரமாகும். அதற்குள் எதிரி ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்து நிற்கலாம். சின்னத்தில் இருக்கும் மணியின் மேற்பகுதியில் வரிசையாகக் குமிழ்கள் இருக்கும். கிழக்காசியக் கோயில் மணிகள் அப்படித்தான் என்று நான் புத்தகத்தைத் திறந்து படம் காட்டி விளக்கியிருக்கிறேன். ஒருவரும் ஏற்றுக்கொண்டதில்லை. எல்லோருக்கும் அது முள் முளைத்த டுரியான் பழம்.

நாரையின் வீரனைப் பற்றிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒல்லியானவன், நீண்ட தலைமுடி, நடந்தால் தரையில் கால் படாது. அவனைத் தேர்ந்தெடுத்த என் மச்சினனும் ஏறக்குறைய அப்படித்தான். கடலோரத்துப் பாகான் டத்தோவில் பள்ளி ஆசிரியர். மாதா கோயில் பாடகர் குழுவுக்குத் தலைவர். நாற்பதைத் தாண்டியும் தலையில் ஒரு முடி கொட்டவில்லை. அவன் வாசலில் வந்து நின்றால் குழந்தைகள் ஓடி வரும், நாய்கள் ஓடி வரும், என் மனைவியே அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருவாள். நான் வாசலில் வந்து நின்றால், "கேட்ட சாத்திட்டு வாங்க" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சின்னங்களுக்கு எங்களிடம் ஒரு சட்டம் உண்டு. நான் பிறந்தது பத்து காஜா என்ற ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். இப்போது அந்த இடத்தில் எண்ணெய்ச் செம்பனையும் ஒரு வீடமைப்புப் பகுதியும் இருக்கின்றன. தோட்டத்துக் கடையில் இந்த விளையாட்டு மெஷின் ஒன்று வந்து சேர்ந்தபோது வீரர்களைவிடப் பையன்கள் அதிகமாக இருந்தோம். ஆகவே சட்டம் போட்டோம். கோலி விளையாட்டிலிருந்து எடுத்த சட்டம் அது. ஒரு வீரன் ஒருவனுக்குத்தான். அந்தச் சொந்தக்காரனை நேருக்கு நேர் தொடர்ந்து மூன்று ஆட்டம் அடித்தால் சின்னம் அடித்தவனுக்குப் போய்விடும். தோற்றவன் அந்த வீரனைத் தொடக்கூடாது. மிச்சம் கிடப்பதில் ஒன்றை எடுத்துக்கொண்டு குடும்பம் நடத்த வேண்டும். சின்னத்தைச் சைக்கிள் மட்கார்டில் வரைந்துகொள்வதும் சொந்தக்காரனின் உரிமை மட்டுமே. வேறு எவனாவது வரைந்தால் சுரண்டி எடுப்போம்.

தோட்டம் போய்விட்டது, சட்டம் என்னோடு வந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் நகை போட்டார்கள், நான் இந்தச் சட்டத்தைக் கொண்டுபோனேன். மச்சினன் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவன். அவனுக்கு விளையாடக் கற்றுக்கொடுத்ததே நான்தான். அவன் நாரையைத் தொட்ட அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும்.

இத்தனை காலத்தில் மணியை என்னிடமிருந்து ஒருவரும் பறித்ததில்லை. யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை என்பது ஒரு விளக்கம். என் மகள் சிறுமியாக இருந்தபோது ஒரு சமையல்காரியை எடுத்துக்கொண்டாள். அவளுடைய சின்னம் கரண்டி. அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஹாலில் மணிக்கும் கரண்டிக்கும் எத்தனையோ சண்டை நடந்திருக்கிறது. அவள் ஓர் ஆட்டம் ஜெயிப்பாள், இரண்டு ஆட்டம்கூட ஜெயிப்பாள். மூன்றாவதில் என் துறவியின் கைகள் இறங்கிவிடும். "ஐயோ அப்பா!" என்று கத்திக்கொண்டு சோபாவில் சாய்வாள். அந்தக் கத்தலுக்காகவே நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த நாட்கள் உண்டு.

அப்படிப்பட்டவளின் காரில்தான் நாரை.

எங்கள் ஆட்களுக்குக் காரின் பின் கண்ணாடி எவ்வளவு முக்கியம் என்று இந்த ஊரில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். வேல் இருக்கும், மாதா இருப்பாள், இல்லாமல் போன தோட்டத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். இந்தக் குடும்பம் யாருக்குச் சொந்தம் என்று பின்னால் வருகிறவனுக்குச் சொல்கிற இடம் அது. என் மகள் அந்த இடத்தை மாமாவுக்குக் கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஃபாதர் காரை மந்திரிக்க வந்தார். முன்னால் தீர்த்தம் தெளித்தார், நான்கு சக்கரங்களுக்கும் தெளித்தார், பின்னால் வந்தவர் கண்ணாடியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"பரிசுத்த ஆவியாம்மா?"

என் மகள் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "ஆமா ஃபாதர்."

"ரொம்ப நல்லது. இப்ப உள்ள பிள்ளைங்க மண்டை ஓட்டையும் டிராகனையும் ஒட்டிக்கிட்டு வர்றாங்க. புறாவோட கழுத்துதான் கொஞ்சம் நீளமாப் போச்சு." அந்த இடத்தில் இன்னும் இரண்டு கை தீர்த்தம் விழுந்தது.

ஆக, மச்சினனுக்குத் திரித்துவத்திலேயே ஓர் இடம் கிடைத்துவிட்டது. நான் ஆமென் சொல்லவில்லை. மனைவி என் விலாவில் இடித்த பிறகு சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. நான் பத்து காஜா நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளன். மகளுக்கும் அதே ஊரில் ஒரு மருந்தகத்தில் வேலை. இருவரும் ஒரே நேரத்தில் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும். அவள் வண்டி வெளியே நிற்கும், முதலில் அவள் போவாள், பின்னால் நான். சுண்ணாம்பு மலைகளுக்கு மேல் வெயில் ஏறும். சாலையில் மோட்டார் சைக்கிள்கள் பறக்கும். எனக்கு முன்னால் ஒரு நாரை கழுத்தை நீட்டிக்கொண்டு ஒவ்வொரு நாளும் பத்து காஜாவரைக்கும் பறக்கும். காலையில் பார்க்கும் முதல் முகம் நல்ல முகமாக இருக்க வேண்டும் என்பார்கள். நான் பார்த்தது மச்சினனின் தலைமுடியை.

"ஏன் அந்தப் படத்த ஒட்டினா?" என்று மனைவியிடம் கேட்டேன், ஏதோ வானிலையைப் பற்றி விசாரிப்பவன் போல.

"அழகா இருக்குல்ல?"

"மணி அழகா இல்லையா?"

"டுரியானா?" என்றாள். பேச்சு அத்தோடு முடிந்தது.

பொறாமை ஒரு மனிதனைக் கடைசியில் ஸ்டிக்கர் கடைக்குத்தான் கொண்டுபோய் விடும். ஈப்போவில் ஒரு பழைய கடை வரிசையில், மெஷினில் ஸ்டிக்கர் வெட்டித் தரும் ஒரு சீனர் இருக்கிறார். போனில் மணியின் படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு மலாயில் கேட்டார்: "பாஸ், டுரியான் கடை திறக்கப் போறியா?"

"இது கோயில் மணி."

"முள் இருக்கே?"

"அது குமிழ்."

"சரி சரி" என்று சிரித்தபடி வெட்டிக் கொடுத்தார். காம்பு சரியாக வந்திருக்கிறதா பார்த்துக்கொள் என்று வேறு சொன்னார். காம்பு அல்ல, மணியைத் தொங்கவிடும் வளையம் என்று சொல்லத் தெம்பில்லாமல் வந்துவிட்டேன்.

ஸ்டிக்கரைச் சாப்பாட்டு மேசையில், அவள் தட்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். வைத்தது யார் என்று தெரியாதபடி வைத்ததாகத்தான் நினைத்தேன். வேலையிலிருந்து வந்தவள் எடுத்துப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க வெட்டினதா?"

"சும்மா. அந்தப் பக்கம் போனேன்."

"சூப்பரா வந்திருக்கு. ஆனா நான் ஒட்ட முடியாதுலா."

"ஏன்?"

"இது ஒங்களோடது. அடிச்சவங்கதான் ஒட்டலாம். நீங்கதானே ரூல் போட்டீங்க?"

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. "அப்போ நாரை?"

"மாமாவ அடிச்சேன்லா! போன மாசம் போனேன்ல, அப்ப. கரண்டிய வச்சு. மூணும் வரிசையா. மாமா கிட்டத்தட்ட அழுதுட்டாரு." சிரித்துக்கொண்டே ஸ்டிக்கரை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த நாரை வணக்கம் அல்ல, வேட்டையில் அடித்த மானின் கொம்பு! என் மகள் மச்சினனைத் தோற்கடித்து அவன் கொடியைத் தன் தேரில் கட்டிக்கொண்டு ஊர்வலம் போகிறாள். இது தெரியாமல் நான் பின்னாலேயே மூக்கைச் சிந்திக்கொண்டு போயிருக்கிறேன்.

அடுத்த சில நாட்கள் என் வாழ்க்கையின் மிகச் சிறந்த காலைப் பயணங்கள். நாரையைப் பார்க்கும்போதெல்லாம் விசிலடித்தேன். சிக்னலில் நின்றால் அதற்கு ஒரு சல்யூட் வைத்தேன். என்னுடைய கணக்கு எளிமையானது. மாமாவை அடித்தவளால் அப்பாவை அடிக்க முடியவில்லை. ஆகவே அப்பாதான் பெரியவன். நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞர், "என்ன சார், இன்னைக்கு ஒங்க மொழிபெயர்ப்புல ஒரு கம்பீரம் தெரியுது?" என்று கேட்கும் அளவுக்குப் போயிற்று.

இந்தக் கம்பீரத்தோடுதான் கிறிஸ்துமஸுக்குப் பாகான் டத்தோ போனேன். மகள் தன் காரில் முன்னால், நானும் மனைவியும் பின்னால். இரண்டு பக்கமும் தென்னை. மச்சினன் வாசலில் நின்று வரவேற்றான். வழக்கம்போல் எல்லோரும் அவனிடம் ஓடினார்கள். எனக்கு அன்று கவலையில்லை. அவனுடைய காரின் பின் கண்ணாடியைத்தான் தேடிப் போய்ப் பார்த்தேன். நாரையைச் சுரண்டி எடுத்த தடம் இருந்தது. அந்தத் தடத்தின் மேல் இப்போது ஓர் இறால்.

"என்ன மாப்ளே, இறால் பிடிக்க ஆரம்பிச்சிட்டியா? இந்த ஊருக்குப் பொருத்தமாத்தான் இருக்கு."

அவன் முகம் சுருங்கும் என்று காத்திருந்தேன். மாறாக, கல்யாண வீட்டில் பெண்ணின் அப்பாவுக்கு வருமே ஒரு பூரிப்பு, அது வந்தது.

"மச்சான், நீங்க பாத்திருக்கணும்! என்னா அடி தெரியுமா! சின்னப் பொண்ணுன்னு அசால்ட்டா ஒக்காந்தேன். ரெண்டாவது ஆட்டத்துல முதுகு வேர்த்துருச்சு. 'மாமா, ஒங்க முடி மாதிரி ஒங்க ஆட்டமும் டையா?'ன்னு கேக்குறா! அடிச்சுக்கிட்டே கேக்குறா மச்சான்!"

"ஒன் முடி டையா?" என்றேன். அதில் மட்டும் ஒரு சின்ன லாபம்.

"ஆமா, பின்ன?" என்று சிரித்தான். அதையும் அவன் வெட்கமில்லாமல் செய்தான். தோல்வியைப் பற்றிப் பேசும்போதுகூட அவனிடம் என்னிடம் இல்லாத ஏதோ ஒன்று இருந்தது. அந்தத் தோல்வியின் மேலேயே எனக்குப் பொறாமை வந்தது.

மதியச் சாப்பாடு முடிந்து விருந்தாளிகள் கிளம்பிய பிறகு, நாரையை மீட்கப் போவதாக மச்சினன் அறிவித்தான். மகள் நாரையோடு உட்கார்ந்தாள், அவன் இறாலோடு. நான் இரண்டாம் முறை எடுத்துக்கொண்ட கோழிக் குழம்போடு பின்னால் உட்கார்ந்தேன்.

இறால் வீரனுக்கும் ஒரு பெரிய அடி உண்டு. வாலைத் தலைக்கு மேல் சுருட்டித் தூக்கி மெதுவாக இறக்குவான். வேகத்திலும் எடையிலும் என் துறவியின் அடிக்கு அது சொந்தத் தம்பி. மச்சினன் அதை இறக்கினான். மகள் ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்தாள். வால் தரையில் விழுந்தது. திரும்ப இறக்கினான். திரும்ப நகர்ந்தாள்.

"வால் வருது மாமா, வால் வருது! ஐயோ, எனக்குத் தூக்கம் வருது மாமா!"

"இருடி, இருடி ஒன்ன!"

"எவ்ளோ நேரம் மாமா இருக்கறது? காப்பி போட்டுக்கிட்டு வரவா?"

ஒரு முறைகூட வால் அவள்மேல் விழவில்லை. நான் வாயருகே கொண்டுபோன கோழியைத் தட்டில் வைத்தேன். இந்த அடியின் தமையன், அதாவது என் அடி, எத்தனை ஆண்டுகளாக அவள் தலையில் விழுந்துகொண்டிருக்கிறது! நகரத் தெரியாதவளா இவள்?

எனக்கு ஒரு தொழில் அறிவு உண்டு. சாட்சிக் கூண்டில் நிற்பவர்களின் பேச்சை ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே ஆயுளைக் கழித்தவன் நான். பொய் சொல்கிறவர் கொஞ்சம் முந்திவிடுவார். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். இப்போது என் ஹாலில் நடந்த சண்டைகளை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். துறவியின் கைகள் மேலே இருக்கின்றன, இன்னும் இறங்கவில்லை. அதற்குள் என் மகளின் குரல்: "ஐயோ அப்பா!"

ஒவ்வொரு முறையும் முந்தியிருக்கிறாள்.

திரும்பும் வழியில் மனைவியிடம் கேட்டேன். முன்னால் நாரை பறந்துகொண்டிருந்தது.

"அவ எங்கிட்ட வேணும்னே தோக்குறாளா?"

மனைவி கைப்பையில் எதையோ தேடினாள். "இப்பத்தான் கண்டுபிடிச்சீங்களா?"

"ஒனக்குத் தெரியுமா?"

"ஃபார்ம் த்ரீ படிக்கும்போதே எங்கிட்ட வந்து கேட்டா. 'அம்மா, நான் அப்பாவ மூணு ஆட்டம் அடிச்சிட்டா, அப்பா அந்தத் துறவிய தொடக்கூடாதுல்ல? அப்புறம் அப்பா என்ன பண்ணுவாரு?'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"அழுவாருன்னு சொன்னேன்."

"நான் அழுவேனா?"

"கரகாட்டம் ஆடுவீங்களா?"

நல்ல மனிதனாக இருந்தால் இந்த இடத்தில் நெஞ்சு நெகிழ்ந்திருக்க வேண்டும். இத்தனை ஆண்டுகள் தகப்பனின் மானத்தைக் காப்பாற்றிய பிள்ளை! காரை ஓரங்கட்டிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். எனக்கு வந்ததோ சுத்தமான, கலப்படமில்லாத பொறாமை. அவனுக்கு உதை, எனக்கு உபசாரம். அவனோடு அவள் சண்டை போடுகிறாள், கிண்டல் செய்கிறாள், முடியைப் பற்றிப் பேசுகிறாள். என்னைப் பார்த்தால் மட்டும், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரிடம் பேசுவதுபோல் ஒரு குரலை எடுத்துக்கொள்கிறாள். மச்சினன் தாங்குவான் என்று அவளுக்குத் தெரிகிறது. நான் தாங்குவேன் என்று மட்டும் தெரியவில்லை.

மறுநாள் காலைப் பசியாறலுக்கு அவள் உட்கார்ந்ததும் சொன்னேன். "இன்னைக்கு ஆட்டம். நெசமான ஆட்டம்."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தோசைக்கல்லைப் பார்த்தாள்.

"அப்பா, சும்மா இருங்கப்பா."

"மாமாவ மட்டும் அந்த அடி அடிக்கிற. நான் என்ன பக்கத்து வீட்டுக்காரனா?"

"அது மாமாப்பா."

"நான் அப்பா."

"அதான் சொல்றேன்."

"அதெல்லாம் இல்ல. எனக்கும் அடி வேணும்."

மனைவி சட்டினிக் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு, "கேக்குறாருல்ல, குடேன்" என்றாள்.

மகள் என்னை ஒரு தரம் நன்றாகப் பார்த்தாள். "தோத்தா மணிய தொட முடியாது. தெரியும்ல?"

"சட்டம் போட்டவனுக்கே சட்டம் சொல்றியா?"

"மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

"மாட்டேன்."

"பேசாம மூணு நாள் தோட்டத்தப் பாத்துக்கிட்டு ஒக்காரக் கூடாது."

"அடப் போடு."

திரை இருண்டது. முரசு அதிர்ந்தது. இந்தப் பக்கம் என் மணி, அந்தப் பக்கம் அவளுடைய கரண்டி. முதல் ஆட்டத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. என் துறவி கைகளைக் கோத்தான், கீழே விழுந்தான், எழுந்தான், கோத்தான், விழுந்தான். பெரும்பாலும் உறக்கத்தில் இருப்பவனைப்போல் இருந்தான். மகள் வாயே திறக்கவில்லை. இன்னும் பாவம் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"மாமாகிட்ட பேசினியே, வாய் எங்க போச்சு?" என்றேன்.

இரண்டாவதில் வாய் வந்தது. முதலில் மெதுவாக. "அப்பா, ஒங்க ஆளுக்கு மூட்டு வலியா?" பிறகு கொஞ்சம் கூட. "தைலம் தேச்சு விடவா?" பிறகு அணை உடைந்தது. "வாங்கண்ணே, வாங்க! டுரியான் விழுமா, விழாதா? மரத்தடியில எவ்ளோ நேரம் நிக்கிறது? ஏலம் விட்டுட்டுப் போலாமா?" எனக்குக் காது குளிர்ந்தது. என் மகள் என்னை அண்ணே என்கிறாள்! பாகான் டத்தோவில் கேட்ட அதே குரல். அதை இவ்வளவு பக்கத்திலிருந்து கேட்கும்போது ஆட்டத்தில் கவனம் போய்விட்டது. இரண்டாவதும் போயிற்று.

மூன்றாவதில் நான் உண்மையாகவே போராடினேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, கட்டைவிரல் வலிக்க. மகள் சிரித்துக்கொண்டே நகர்ந்துகொண்டிருந்தாள். ஏதோ ஒரு கணத்தில், வாயைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்துவிட்டாளோ என்னவோ, நகர மறந்தாள். என் துறவியின் கைகள் இறங்கின. திரை குலுங்கியது. கரண்டிக்காரி தரையோடு தரையானாள். அதற்குப் பிறகுதான் வந்தது:

"ஐயோ! அப்பா!"

அடி விழுந்த பிறகு வந்த ஐயோ. இத்தனை ஆண்டுகளில் அதுதான் முதல்.

அடுத்த சில நொடிகளில் அவள் எழுந்து என்னை முடித்துவிட்டாள். கோபத்தோடு அடித்தாள், ஒரு பாவமும் பார்க்கவில்லை. சமையலறையிலிருந்து குரல் வந்தது: "முடிஞ்சிருச்சா? அழறாரா?"

"இல்லம்மா. சிரிக்கிறாரு. பயமா இருக்கு."

மணி அவளுக்குப் போயிற்று. நான் அலமாரியிலிருந்து ஸ்டிக்கரை எடுத்துக் கொடுத்தேன், வாளை ஒப்படைக்கும் தளபதியின் தோரணையில். அதை வாங்கிக்கொண்டு, "அப்ப கரண்டிய நீங்க வச்சுக்குங்க. எனக்குத்தான் வேற ரெண்டு இருக்கே" என்றாள். ஒன்றுக்கு மேல் வைத்திருப்பவர் விரும்பினால் தானம் செய்யலாம். கோலியிலும் அப்படித்தான். மகளின் சிறுவயதுச் சின்னம் தகப்பனுக்கு வந்து சேர்ந்தது. கடைசியில் எனக்குப் பொருத்தமான ஒன்று கிடைத்துவிட்டதாகச் சொன்னாள் மனைவி. பாத்திரம் கழுவும் இடத்தையும் காட்டினாள்.

மகள் துணியும் ஸ்டிக்கருமாக வெளியே போனாள். நான் உள்ளேயே இருந்தேன். பின் கண்ணாடியில் நாரைக்கு வலப்பக்கம் ஒரு சாண் இடம் காலியாக இருப்பது எனக்குத் தெரியும். பல காலைகளில் அந்த இடத்தை அளந்திருக்கிறேன். ஒட்டி முடித்துவிட்டுக் கூப்பிட்டாள். போனேன். பின்னால் நாரை மட்டும் இருந்தது.

"எங்க?"

அவள் காரின் இடப்பக்கம் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாள். பெட்ரோல் மூடியின்மேல் என் மணி, குமிழெல்லாம் பளிச்சென்று.

"கண்ணாடியில எடம் இருக்கே?"

"அங்க ஒட்டினா டிசைன் கெட்டுடும்பா. நாரை எவ்ளோ நீட்டா இருக்கு!"

"அதுக்காகப் பெட்ரோல் மூடியிலயா?"

"டுரியான காடிக்குள்ள வைக்கக் கூடாதுல்ல? நாறும்." என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். "அப்பா, எண்ணெய் இல்லாம காடி ஓடுமா?"

நல்ல பதில்தான். மருந்து கொடுத்துப் பழகியவள். ஒரு நாள் முழுக்க அது வேலை செய்தது.

ஆனால் பின்னால் ஓட்டி வருகிறவனுக்குப் பெட்ரோல் மூடி தெரியாது என்பதை மறுநாள் காலையில் கண்டுபிடித்தேன். பத்து காஜா வரைக்கும் நாரைதான். இப்போதெல்லாம் பெரிய சிக்னலில் தேவையில்லாமல் இடப்பக்கத் தடத்துக்குப் போய் அவள் காருக்குப் பக்கத்தில் நிறுத்துகிறேன். பின்னால் மோட்டார்க்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். அவள் கண்ணாடியை இறக்கி, "அப்பா, இந்த லேன்ல வந்தா நீங்க திரும்பணும்லா!" என்று கத்துகிறாள். எனக்குத் தெரியும். பச்சை விழுந்ததும் அவள் கார் என்னைத் தாண்டும். முதலில் மணி போகும். அதை ஆசை தீரப் பார்ப்பதற்குள் நாரை வந்துவிடும்.

அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். வேலையிலிருந்து நான்தான் முதலில் வீடு திரும்புகிறேன். அவள் வருவதற்குள் ஹாலில் உட்கார்ந்து கரண்டியோடு பயிற்சி எடுக்கிறேன். கரண்டியால் நாரையை அடிக்க முடியும் என்பதை அவளே நிரூபித்திருக்கிறாள். மூன்று ஆட்டம் வரிசையாக ஜெயித்தால் நாரை எனக்கு. சட்டப்படி அன்றைக்கே அவள் அதைக் கண்ணாடியிலிருந்து சுரண்ட வேண்டும்.

"மணிய மீட்கப் போறீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

மணி அவளிடமே இருக்கட்டும். அதற்கு அங்கே எண்ணெய் வேலை இருக்கிறது. எனக்கு வேண்டியது அந்தக் கண்ணாடி.